சங்கப் பத்திரிகையின் பழைய புகைப்படங்கள்: அலுவலகத்தில் வைப்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா, இணையத்தில் ஏற்றுவதா?

தொழிற்சங்கப் பத்திரிகை ஒன்று முப்பது நாற்பது வருடம் ஓடி நின்றுபோனால் மிஞ்சுவது மூன்று: பைண்டு செய்த தொகுப்புகள், அச்சகத்துக்குத் தரவேண்டிய பாக்கி, ஒரு பீரோ நிறையப் புகைப்படங்கள். தொகுப்புகளைத் தேடி எப்போதாவது ஓர் ஆய்வாளர் வருவார். பாக்கியைக் கேட்டு அச்சகக்காரர் தவறாமல் வருவார். புகைப்படங்களைக் கேட்டுத்தான் யாரும் வருவதில்லை. அலுவலகத்தைக் காலி செய்யும்போதோ, ஆலை மூடிச் சங்கமே கலையும்போதோ, பழைய ஆசிரியர் குழுவில் மிஞ்சிய ஒருவர் அந்த பீரோவின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

அவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. "நம்ம சொத்து, நம்ம ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்பார் ஒரு தோழர். "நூலகத்துக்குக் கொடுத்துடலாம், அவங்க பாத்துப்பாங்க" என்பார் இன்னொருவர். இளைய தோழர்கள் "ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா முடிஞ்சுது" என்பார்கள். மூன்றிலும் நியாயம் உண்டு, மூன்றிலும் ஓட்டையும் உண்டு. யாரும் அதிகம் பேசாத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் இருக்கும்போதே அதை எழுதி வாங்குவதுதான் எல்லாவற்றிலும் அவசரமான வேலை. ஒரு வழி அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பொருள் தாங்குமா. புகைப்படம் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் பீரோவில் இருப்பது நாலைந்து வகைப் பொருள். 1950, 60களின் கருப்பு வெள்ளை பிரிண்டுகள் ஓரளவு கெட்டி. ஈரமும் கரையானும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். எண்பதுகளின் கலர் பிரிண்டுகள் அவற்றுக்கு முன்னால் போய்விடும். நீலமும் பச்சையும் வெளுத்துச் செம்மை ஏறிய கல்யாண ஆல்பங்கள் எல்லார் வீட்டிலும் இருப்பதால் இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய ஆபத்து நெகட்டிவ்களில் இருக்கிறது. அசிடேட் ஃபிலிம் வெயிலிலும் புழுக்கத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். பக்கத்து ஃபிலிமுக்கும் அது தொற்றும். பின்னுக்குத் திருப்ப வழி கிடையாது, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே எந்த முடிவை எடுப்பதற்கும் முன்னால் ஒரு தடவை டப்பாக்களை மோந்து பாருங்கள்.

பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்குமா. அச்சில் வந்த படத்துக்குத் தலைப்பு இருக்கும்: "கோரிக்கைகளை வலியுறுத்தி நடைபெற்ற வாயிற்கூட்டத்தில் பொதுச்செயலாளர் உரையாற்றுகிறார்." பொதுச்செயலாளர் பெயர் தெரியும். அவருக்குப் பின்னால் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பதினைந்து பேர் யார்? அதைத் தலைப்பு சொல்லாது. படத்தின் பின்புறம் சொல்லலாம். அங்கே பென்சிலில் தேதி, ஆசிரியர் நீலப் பென்சிலால் எழுதிய "2 காலம் (பத்தி அகலம்), மேலே வெட்டவும்", ஸ்டூடியோவின் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், அச்சுக்கு பிளாக் செய்தவர் போட்ட எண், சில சமயம் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி முன்பக்கம் வரை தடம் பதிந்த ஒரு பெயர் என்று பலதும் இருக்கும். முன்புறத்தை மட்டும் காப்பாற்றும் எந்த வழியும் பாதிப் படத்தைத்தான் காப்பாற்றுகிறது.

காலக் கணக்கையும் பாருங்கள். 1974 மே 8 அன்று தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் 25 வயது ஃபிட்டராக இருந்தவர் இன்று 75ஐத் தாண்டியவர். 1946 செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதும் காலமோ கடந்தே போய்விட்டது. அக்காலப் படம் எதுவும் உங்கள் கையில் இருந்தால், பின்புறம் எழுதியிருப்பதுதான் அதன் ஒரே சாட்சி.

உரிமை யாருடையது. இதில்தான் சங்கங்கள் அசந்து கிடக்கின்றன. காகிதம் நம் பீரோவில் இருப்பதால் பதிப்புரிமையும் நம்முடையது ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்த புகைப்படக்காரர் பத்திரிகைக்காக எடுத்ததில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே பத்திரிகைக்கு. மற்ற உரிமைகள் எடுத்தவருக்கு. நம் சங்கப் பத்திரிகைகளில் பெரும்பாலும் படம் எடுத்தது இந்த இருவருமல்ல, கேமரா வைத்திருந்த ஒரு தோழர். ஷிஃப்ட் முடிந்து வந்து, பைசா வாங்காமல் எடுத்தார். சட்டப்படி அந்தப் படம் அவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது.

1958க்கு முன் எடுத்தவற்றுக்கு அன்றைய சட்டப்படி 50 ஆண்டுதான் காவல், அது முடிந்துவிட்டது, யாரும் பயன்படுத்தலாம். அதற்குப் பிந்தைய படங்களுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த விதியை 2012 திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு. ஆக, அந்தத் தோழரிடமோ அவர் பிள்ளைகளிடமோ ஒரு கையெழுத்து வாங்குவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

முகங்களால் யாருக்காவது சிக்கல் வருமா. 1974 மறியல் படத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2024 செப்டம்பர், அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் போன்ற அண்மைப் போராட்டங்களின் படம் அப்படியல்ல. அதில் இருப்பவர் நாளை காலை அதே கேட்டுக்குள் வேலைக்குப் போக வேண்டியவர். பத்திரிகையில் ஒரு மாதம் வந்து மறைந்த படம் வேறு. பெயரோடு தேடினால் கிடைக்கும்படி இணையத்தில் நிரந்தரமாக நிற்கும் படம் வேறு.

பதினோராம் வருடம் யார் செலவு செய்வார். ஸ்கேனர் வாங்கப் பணம் திரட்டுவது சுலபம். மாநாட்டில் உண்டியல் ஏந்தினாலே தேறிவிடும். பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் மாற்ற, இணையத்தளப் பெயரைப் புதுப்பிக்க, பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்க யார் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

## சங்க அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது

இந்த வழியைக் கேலி செய்வது எளிது. பீரோவின் அடித்தட்டில் படங்கள், மேல்தட்டில் உறுப்பினர் சந்தா ரசீதுகள், இடையில் அந்துருண்டை. ரப்பர் பேண்ட் உருகிப் பிரிண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டேபிள் பின் துருப்பிடித்து இரண்டு படங்களில் ஓட்டை போட்டிருக்கும். அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தால் 2015 டிசம்பர் மாதிரி ஒரு வெள்ளம் போதும்.

ஆனாலும் இந்த வழிக்கு மற்ற எதற்கும் இல்லாத ஒரு பலம் உண்டு: படங்களை அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் வந்துபோகும் இடம் அதுதான். ஓய்வூதியர் கூட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில் நான்கு படங்களை மேசையில் போட்டால் போதும். "இவன்தான்பா கேண்டீன்ல இருந்தவன், சஸ்பெண்ட் ஆகி ரெண்டு வருஷம் டீக்கடை வெச்சிருந்தான்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அது அவன் இல்ல, அவன் தம்பி" என்று இன்னொருவர் மறுப்பார். இந்தச் சண்டையில் கிடைக்கும் தகவலை எந்தக் காப்பகத்தின் பட்டியலாளராலும் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட முடியாது.

மறைமுகச் செலவு, சங்கத்தின் ஆயுளோடு படத்தின் ஆயுளையும் கட்டிப்போடுவது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு பெரம்பூர் வட்டாரத்தில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் நாட்டின் மிகப் பழைய தொழிற்சங்கங்களில் ஒன்று. அதன் தாய்வீடு போல இருந்த பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலை போனால் சந்தா போகும், சந்தா போனால் வாடகை கட்ட முடியாது, அப்புறம் பீரோ யாருடைய வீட்டு மாடிக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. பிளவும் இருக்கிறது. 1970இல் ஏஐடியுசியிலிருந்து பிரிந்து சிஐடியு உருவானபோது கிளை கிளையாகச் சங்கங்கள் பிரிந்தன. கட்டடத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கலாம்; படங்களுக்காக யாரும் நீதிமன்றம் போகமாட்டார்கள், கையில் கிடைத்தவர் எடுத்துக்கொண்டு போவார்.

சங்கம் உயிர்ப்போடு இருக்கிறது, சொந்தக் கட்டடம், மேல்மாடியில் ஈரமில்லாத ஒரு அறை, பெரும்பாலும் கருப்பு வெள்ளை பிரிண்டுகள்தான், பத்திரிகையும் இன்னும் வருகிறது என்றால் இது மோசமான முடிவல்ல. பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய படங்கள் மாதாமாதம் தேவைப்படும். பணி ஓய்வு பாராட்டுக்கும் அஞ்சலிக் குறிப்புக்கும் படம் தேடி ஒவ்வொரு முறையும் நூலகத்துக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இங்கேயே வைப்பதென்றால் குறைந்தபட்சம் செய்ய வேண்டியவை: பின், ரப்பர் பேண்ட், செல்லோ டேப் எல்லாவற்றையும் நீக்குங்கள். பசை தடவிய ஆல்பப் பக்கங்களிலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள். வராததை இழுக்காமல் பக்கத்தோடு வெட்டி எடுங்கள். பிவிசி உறைகள் வேண்டாம், பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகிதமோ போதும். பின்புறம் எழுத மெல்லிய பென்சில் மட்டும். தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் பீரோவை வையுங்கள்.

## காப்பகத்திடம் மூலத்தையே ஒப்படைப்பது

வெளிநாட்டுச் சங்கங்கள் பல இந்த வழியில் போயிருக்கின்றன. அவற்றின் அனுபவத்தில் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் லண்டனின் 'டெய்லி ஹெரால்டு'. 1911இல் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தகவல் தாளாகப் பிறந்து, 1912இல் நாளிதழாகி, 1922இல் பிரிட்டன் தொழிற்சங்கப் பேரவையின் கைக்கு வந்தது. பிறகு ஓடம்ஸ் பதிப்பகத்துக்கு 51 சதவீதம், பேரவைக்கு 49 சதவீதம் என்று பங்கு பிரிந்தது. 1930களில் 20 லட்சம் பிரதிகள் விற்ற பத்திரிகை, 1964இல் பெயரே மாறி 'சன்' ஆனது. பத்திரிகை போய்விட்டது, அதன் படக் களஞ்சியம், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், பிராட்ஃபோர்டு நகரிலுள்ள தேசிய அறிவியல், ஊடக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் இருந்த வரிசைப்படி, பின்பக்கக் குறிப்புகளும் முத்திரைகளும் ஒட்டிய செய்தித் துண்டுகளுமாக மொத்தமாகக் கைமாறியதுதான் அதன் மதிப்பு. நல்ல படமாகப் பொறுக்கி எடுத்து மிச்சத்தைக் குப்பையில் போட்டிருந்தால், ஆசிரியர் மேசையில் எந்தப் படம் தேறியது, எது தேறவில்லை என்ற வரலாறே போயிருக்கும். அதே சமயம், அவற்றில் பல படங்கள் வெளி ஏஜென்சிகள் எடுத்தவை. அருங்காட்சியகத்திடம் காகிதம் இருக்கிறது, உரிமை பலரிடம் சிதறிக் கிடக்கிறது. 30 லட்சத்தையும் அப்படியே இணையத்தில் ஏற்ற முடியாததற்கு அளவு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

இரண்டாவது, நியூயார்க்கின் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சர்வதேசச் சங்கம். 1900இல் தொடங்கிய சங்கம், 1919 முதல் 'ஜஸ்டிஸ்' என்ற பத்திரிகை. அதன் ஆவணங்களும் படங்களும் 1987இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் தொழிலாளர் ஆவண மையத்துக்குப் போயின. 1995இல் சங்கம் வேறொரு சங்கத்தோடு இணைந்து, பழைய பெயர் இல்லாமல் போனது. எட்டு வருடம் முன்னதாகக் கொடுத்திருந்ததால், இணைப்புக் குழப்பத்தில் பெட்டிகள் தொலையவில்லை. 1911 மார்ச் 25 அன்று 146 பேரைப் பலிகொண்ட டிரையாங்கிள் ஆலைத் தீ விபத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்று அந்த மையத்தின் பக்கங்களுக்குத்தான் போகிறார்கள். சங்கம் பலமாக இருக்கும்போதே கொடுப்பதில் இன்னொரு லாபம், பேரம் பேசும் இடத்தில் நாம் இருப்போம். பூட்டப்போகும் அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கொடுப்பவரால் நிபந்தனை போட முடியாது.

மூன்றாவது, டெட்ராய்ட்டின் வால்டர் ராய்த்தர் நூலகம். வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொழிலாளர் வரலாற்றுக் காப்பகமாகத் தொடங்கியது. 1975இல் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் பணத்தில் அதற்குக் கட்டடமே எழுந்தது. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் சீசர் சாவேஸ் தலைமையில் கலிபோர்னியாவில் போராடிய ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் ஆவணங்களும் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. திராட்சைத் தோட்டத்தில் நின்றவரின் பேத்தி தாத்தாவின் படத்தை நேரில் பார்க்க நாட்டின் மறுபாதிக்குப் பயணம் போக வேண்டும். காப்பகத்திடம் கொடுப்பதன் பெரிய மறைமுகச் செலவு இந்தத் தூரம்தான்.

நம் பக்கம் வருவோம். நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998 முதல் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்த ஆவணங்கள் அங்கே தனித் தொகுப்பாகவே உண்டு. பொருத்தமான இடம், ஆனால் பெரம்பூர், பொன்மலை, சிங்காநல்லூர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மேற்சொன்ன தூரச் சிக்கல் அப்படியே இருக்கும். பட்டியல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் தமிழில் தேடுகிறவருக்கு அது இன்னொரு தூரம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி ஒருவர் துண்டறிக்கை, அழைப்பிதழ் வரை விடாமல் சேர்த்த தொகுப்பை, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் சிதறவிடாமல் மொத்தமாக வாங்கியதால் உருவான நூலகம் அது. தமிழ் தெரிந்தவர்கள் பட்டியல் போடும் இடம் என்பதால் தமிழ்நாட்டுச் சங்கங்கள் முதலில் பேசிப் பார்க்க வேண்டிய கதவு அதுதான் என்பேன். இலங்கை மலையகத் தொழிற்சங்கங்கள் என்றால் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய ஆவண நிறுவனத்தை முதலில் கேட்கலாம். படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் 'ஆவணகம்' என்ற தனித் தளமே வைத்திருக்கிறார்கள்.

எந்தக் காப்பகமானாலும் கொடுத்த மறுநாள் படங்கள் வாசகர் கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டியல் போடப்படாத பெட்டிகள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்பது உலகமெங்கும் உள்ளதுதான். அந்த வரிசையில் உங்கள் பெட்டி முன்னால் நகர ஒரே வழி, நீங்களே ஒரு பட்டியலோடு போவது.

நெகட்டிவ்கள் அதிகம், வினிகர் வாடை தொடங்கிவிட்டது, சங்கம் கலையப்போகிறது அல்லது இணையப்போகிறது என்றால் இந்த வழியைத் தள்ளிப்போடக் கூடாது.

## நாமே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது

இதில் வேகமும் சுதந்திரமும் உண்டு. யாரிடமும் அனுமதிக்கு நிற்க வேண்டாம். ஒரு படத்தை ஏற்றினால் அன்று மாலையே "இது எங்க அப்பா" என்று எங்கிருந்தோ ஒருவர் எழுதுவார். பெயர் சேர்க்கும் என் அளவுகோலில் இதற்கும் நல்ல மதிப்பெண்தான்.

சரி, வேலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். 6க்கு 8 அங்குலப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், வண்ணத்தில், டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறக்குறைய 52 எம்பி. முன்புறம், பின்புறம் இரண்டும் என்றால் 104. ஐயாயிரம் படங்களுக்கு 520 ஜிபி, அதாவது அரை டெராபைட். வட்டு இன்று பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு: தூசி தட்டி, வைத்து, திருப்பி, எண் போட்டு, பெயரிட ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 333 மணி நேரத்துக்கு மேல். தினம் நான்கு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் மூன்று மாதம் ஆகிவிடும். முதல் வாரம் ஆறு பேர் வருவார்கள், நான்காவது வாரம் ஒருவர் இருப்பார். 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 3000 புள்ளிக்கு மேல் எடுக்கக்கூடிய, ஃபிலிம் வைக்கும் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும். அலுவலக ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் பொத்தானும் செல்போன் கேமராவும் அவசரக் குறிப்புக்கு உதவும். அதைச் செய்துவிட்டு மூலத்தை அலட்சியமாக விட்டால் இழப்பு நமக்கு.

எங்கே ஏற்றுவது என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். முகநூல் படங்களைச் சுருக்கிவிடும். அங்கே ஆள் அடையாளம் கேட்கலாம், சேமிக்கக் கூடாது. தோழர் ஒருவரின் சொந்த ஜிமெயில் கணக்கில் வைத்தால் இலவச இடம் 15 ஜிபிதான். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை அழிக்க கூகுள் விதி வைத்திருக்கிறது. அந்தத் தோழருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். படங்கள் ஏற்றிவைக்கும் தளமான ஃபிளிக்கர் 2018இல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் என்று வரம்பு போட்டது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாபநோக்கின்றி இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் நல்ல இடம், ஆனாலும் 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அதுவும் சில நாள் முடங்கியது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதிக்கும் உரிமத்தில்தான் படங்களை ஏற்கும். 1958க்கு முந்தைய படங்களுக்கு இந்தியச் சட்டப்படி அதில் தடையில்லை. மற்றவற்றுக்கு எடுத்தவரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் ஏற்றக் கூடாது. அப்படிச் சம்மதித்தபின் உங்கள் வேலைநிறுத்தப் படம் ஏதோ ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் வந்தாலும் உரிமையைக் காட்டித் தடுக்க வழியிராது.

படங்கள் குறைவு, அதாவது சில நூறுதான், பெரும்பாலும் பழையவை, ஆர்வமும் பொறுமையும் உள்ள ஓரிருவர் இருக்கிறார்கள் என்றால் தாராளமாக இறங்கலாம். மூலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இதில் பதில் கிடைக்காது. ஸ்கேன் செய்தாயிற்று என்ற தைரியத்தில் பீரோவை எடைக்குப் போட்டுவிடும் ஆபத்து இந்த வழியில்தான் அதிகம்.

## மூலம் இங்கே, பிரதி அங்கே

காப்பகம் ஆளையும் கருவியையும் அனுப்பி ஸ்கேன் செய்யும், அல்லது பெட்டிகளைக் கடனாக வாங்கி வேலை முடித்துத் திருப்பும். மூலம் சங்கத்திடம், உயர்தரப் பிரதி காப்பகத்திடமும் சங்கத்திடமும். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் இந்த அடிப்படையில் இயங்குவது: மூலம் நாட்டை விட்டு வெளியேறாது, ஒரு பிரதி உள்ளூரில், ஒரு பிரதி லண்டனில். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை இந்த உதவியில்தான் ஸ்கேன் செய்தது. லண்டன் திட்டம் பெரும்பாலும் பழைய காலத்துக்கானது. 20, 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இதே போன்றதொரு திட்டத்தை 2018இல் தொடங்கியது. சங்கப் படங்களுக்கு அது பொருந்தும். விண்ணப்ப அழைப்பு வரும் நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத ஆய்வாளர் ஒருவரின் துணையும் வேண்டும்.

என் ஓட்டு பொதுவாக இதற்குத்தான். பெயர் சொல்லத் தெரிந்தவர்களும் படங்களும் ஒரே இடத்தில் இருக்கும்போதே வேலை நடக்கிறது, சங்கத்துக்குச் சொத்தைப் பறிகொடுத்த உணர்வு வராது, செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவதும் எளிது.

ஓட்டை எது? மூலத்துக்கு இது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. ஸ்கேன் முடிந்ததும் பெட்டி அதே பீரோவுக்குத் திரும்புகிறது. நெகட்டிவ் தொடர்ந்து சிதையும். வெளிநிதி நிறுவனங்கள் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடும். அண்மைப் போராட்டப் படங்களை அந்தத் தொகுப்பில் சேர்க்காமல் விட வேண்டியிருக்கும்.

இன்னொரு வழியையும் சிலர் மெல்லக் கேட்பார்கள்: பழைய படம் சேகரிப்பவருக்கோ பட ஏஜென்சிக்கோ விற்றுவிட்டால்? தலைவர்கள் இருக்கும் பத்துப் படங்கள் விலைபோகும். வாயிற்கூட்டத்துப் பதினைந்து பேர் விலைபோக மாட்டார்கள். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அலுவலகம் | காப்பகம் | சொந்த ஸ்கேன், இணையம் | மூலம் இங்கே, பிரதி அங்கே |
|---|---|---|---|---|
| பிரிண்ட், நெகட்டிவ் ஆயுள் | பிரிண்டுக்குச் சுமார், நெகட்டிவுக்கு ஆபத்து | மிக நன்று | மூலத்துக்குப் பயனில்லை | மூலத்துக்குப் பயனில்லை |
| பெயர் சேர்ப்பது | மிக எளிது | முன்பே செய்யாவிட்டால் கடினம் | எளிது, சரிபார்க்க வேண்டும் | மிக எளிது |
| பின்புறக் குறிப்புகள் | இருக்கும் | இருக்கும் | ஸ்கேன் செய்தால்தான் | நிபந்தனையில் எழுதினால் |
| பொதுமக்கள் பார்ப்பது | அரிது | நேரில் போனால் | உடனே | சில காலம் கழித்து |
| அண்மைப் படங்களில் முகங்கள் | பாதுகாப்பு | நிபந்தனை போடலாம் | ஆபத்து | பிரித்து வைக்க வேண்டும் |
| மறைமுகச் செலவு | வெள்ளம், பிளவு, வாடகை | தூரம், காத்திருப்பு | ஆள் நேரம், கணக்குப் பராமரிப்பு | திட்ட அறிக்கை, நிதிக்கான காத்திருப்பு |
| சங்கம் இல்லாமல் போனால் | தொலையலாம் | நிலைக்கும் | கணக்கு வைத்திருப்பவரைப் பொறுத்தது | பிரதி நிலைக்கும் |

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. நெகட்டிவ்களை மட்டும் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, பிரிண்டுகளை அலுவலகத்தில் வைத்துப் பெயர் எழுதி முடித்து, பிறகு அவற்றையும் அனுப்பலாம். பத்து வருடத்துக்குட்பட்ட டிஜிட்டல் படங்கள் தனிக் கதை. அவை பெரும்பாலும் யாரோ ஒருவரின் மெமரி கார்டிலும் வாட்ஸப்பிலும் கிடக்கும். வாட்ஸப் வழியாக வந்தவற்றை நம்பாமல் எடுத்தவரிடம் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியானாலும் முதலில் ஒரு தாள் பட்டியல் போடுங்கள். படத்தின் பின்புறம் ஓரத்தில் பென்சிலால் எண், நோட்டில் அதே எண், இடம், வருடம், தெரிந்த பெயர்கள். கூட்டப் படமென்றால் மேலே டிரேசிங் தாள் வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வேறொரு தாளுக்கு மாற்றி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள்; பெயர் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சந்தேகத்தை அழித்துவிட்டு ஒரு பெயரை மட்டும் நிறுத்துவது பட்டியல் போடுகிறவர் வேலையில்லை.

## ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை

கொடுப்பது நன்கொடையா, வைப்பா என்று தெளிவாக எழுதுங்கள். நன்கொடை என்றால் திரும்பி வராது. வைப்பு என்றால் உரிமையாளர் சங்கமே, காப்பகம் பாதுகாவலர். சங்கங்களுக்கு முதல் பத்து வருடம் வைப்பாக இருப்பது நல்லது என்பது என் எண்ணம். காப்பகங்கள் இதற்கு முகம் சுளிக்கும், நியாயம்தான். செலவு செய்து பராமரித்ததைத் திரும்பக் கேட்டால் யாருக்கும் வலிக்கும். பேசித் தீர்க்கலாம்.

பதிப்புரிமையை மாற்றி எழுதும்போது காலத்தையும் நிலப்பரப்பையும் குறிக்க மறக்காதீர்கள். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடமாகவே எடுத்துக்கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். படம் எடுத்த தோழரிடம் வாங்கும் கடிதத்துக்கும் இதே விதி. சங்கப் பத்திரிகை, மாநாட்டு மலர், அஞ்சலிக் குறிப்பு ஆகியவற்றுக்குக் கட்டணமில்லாமல் உயர்தரப் பிரதி கிடைக்கும் என்று ஒரு வரி வேண்டும். இத்தனையாம் ஆண்டுக்குப் பிந்தைய படங்கள் இன்ன வருடம் வரை இணையத்துக்கு வராது என்று இன்னொரு வரி. தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும்.

கடைசியாக, செயற்குழுவில் யாரும் எழுப்ப விரும்பாத கேள்வி. சங்கம் பிளந்தாலோ வேறொன்றோடு இணைந்தாலோ, திரும்பக் கேட்கும் உரிமை யாருக்கு? பெயரும் பதிவு எண்ணும் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கா, அல்லது அந்த நாளிலேயே வைப்பு நன்கொடையாக மாறிவிடுமா? இரண்டாவதை எழுதிவிடுங்கள். இரு தரப்பும் போய்ப் பார்க்கலாம், யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.